எந்தச் சொல்லுக்கு எந்த நிறம்? நிரல்மொழிகளுக்கான பொது வண்ண வகைப்பாடு குறித்து

1. கேள்வி

எடிட்டரில் திறக்கும் எந்த நிரலும் இன்று வண்ணத்தோடுதான் கண்ணில் படுகிறது. குறிப்புரைக்கு ஒரு நிறம், சரத்துக்கு ஒரு நிறம், மொழியின் சிறப்புச் சொற்களுக்கு வேறொரு நிறம். அலங்காரம் போலத் தெரியும் இந்த ஏற்பாட்டுக்கு அடியில் ஒரு வகைப்பாடு இருக்கிறது. நிரலை வில்லைகளாக, அதாவது பொருள் தரும் மிகச் சிறிய துண்டுகளாக, உடைத்து ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு வகையில் சேர்த்த பிறகே நிறம் வருகிறது.

ஒரு மொழிக்குள் இது எளிது. அந்த மொழியின் இலக்கணமே வகைகளைத் தந்துவிடும். ஒரே எடிட்டர் சி, பைத்தான், லிஸ்ப், ஹாஸ்கெல், ஹெச்டிஎம்எல் என எல்லாவற்றையும் திறக்கும்போதுதான் கேள்வி எழுகிறது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான வகைகள் உண்டா? உண்டென்றால், ஒரு வில்லை எந்த வகையைச் சேர்ந்தது என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது?

இதுவரை வந்த பொது வகைப்பாடுகளின் குறை பெயர்கள் போதாமை என்று பெரும்பாலும் கருதப்படுகிறது. அதனால் ஒவ்வொரு புதிய முயற்சியும் பட்டியலை நீட்டுகிறது. குறை அங்கே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம். பெயர்கள் ஏராளமாக இருக்கின்றன. எந்தப் பெயருக்கும் எல்லை வகுக்கப்படவில்லை. அந்த எல்லையை மொழிகளின் இலக்கணத்திலிருந்து பெற முடியாது. நிரலைப் படிப்பவர் பார்த்த மாத்திரத்தில் எழுப்பும் கேள்விகளிலிருந்துதான் பெற வேண்டும்.

2. வகைகள் வந்த வழி

நிரலில் சில சொற்களை வேறுபடுத்திக் காட்டும் வழக்கம் திரைக்கு முன்பே அச்சில் தொடங்கிவிட்டது. 1960இல் வெளியான அல்கால் 60 அறிக்கை, மொழியின் மேற்கோள் வடிவம், வெளியீட்டு வடிவம், கணினியில் ஏற்றும் வடிவம் என மூன்றைப் பிரித்தது. அச்சிட்ட அல்கால் நிரல்களில் மொழியின் சொற்கள் தடித்த எழுத்தில் வந்தன. திரையில், தட்டச்சு செய்யும்போதே உரையைப் பகுத்து வண்ணம் தந்த தொடக்ககால எடிட்டர்களில் ஒன்று லெக்ஸ். ஐபிஎம் நிறுவனத்தின் மைக் கௌலிஷா 1985இல் அதை உருவாக்கினார். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் கணினிமயமாக்கத்துக்காக எழுந்த கருவி அது. அகராதிப் பதிவின் உறுப்புகளும் நிரலின் உறுப்புகளும் அதற்கு ஒரே வகைச் சிக்கலாகவே இருந்தன.

பொது வகைகளுக்கான தேவை ஒரு எளிய கணக்கிலிருந்து பிறந்தது. 50 மொழிகளும், வகைகளுக்கு நிறம் சொல்லும் 20 தீம்களும் இருந்து, ஒவ்வொரு தீமும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே நிறம் சொல்ல வேண்டுமென்றால் எழுத வேண்டிய பட்டியல்கள் 1000. நடுவில் ஒரு பொதுப் பட்டியல் இருந்தால், மொழிக்கு ஒன்று, தீமுக்கு ஒன்று என 70 போதும். தனித்தனியே சொல்லும் முறைக்கு உதாரணம், எடிட்டர்களுக்கு அடித்தளமாகும் சின்டில்லா நூலகம். அதில் ஒவ்வொரு மொழிக்கும் சொந்தப் பாணி எண்கள் உண்டு. அதன்மேல் அமைந்த நோட்பேட்++ தீம் கோப்புகள் மொழிவாரியாக நீள்வதற்குக் காரணம் இதுவே. அதே சின்டில்லாவைக் கொண்டு அமைந்த ஜீனி எடிட்டர், பெயரிட்ட பொதுப் பாணிகளை நடுவில் வைத்து இந்தச் சுமையைக் குறைத்துக்கொண்டது.

இன்றைய நிலையை வடிவமைத்த பொதுப் பட்டியல்கள் முக்கியமாக மூன்று. 1998இல் வந்த விம் 5.0 தொடரியல் வண்ணத்தை அறிமுகப்படுத்தியது. அதன் கையேட்டில் நெடுங்காலம் இருந்த முதன்மைப் பெயர்கள் 11: கமென்ட், கான்ஸ்டன்ட், ஐடென்டிஃபையர், ஸ்டேட்மென்ட், ப்ரீப்ராக், டைப், ஸ்பெஷல், அண்டர்லைன்டு, இக்னோர், எரர், டூடூ. மொழிக் கோப்பு தன் சொந்த வகைகளை இந்தப் பெயர்களோடு இணைத்தால் போதும்.

2004இல் மேக் கணினிகளுக்கு வந்த டெக்ஸ்ட்மேட்டும் 11 வேர்ப் பெயர்களையே வைத்தது: கமென்ட், கான்ஸ்டன்ட், என்டிட்டி, இன்வேலிட், கீவேர்ட், மார்க்கப், மெட்டா, ஸ்டோரேஜ், ஸ்ட்ரிங், சப்போர்ட், வேரியபிள். இவற்றின்கீழ் புள்ளியிட்டு எத்தனை கிளைகளும் சேர்க்கலாம். சப்ளைம் டெக்ஸ்ட், ஆட்டம், விஎஸ் கோட் ஆகியவை இந்த முறையை ஏற்றதால் இது நடைமுறைத் தரமாகிவிட்டது. மூன்றாவது, எடிட்டரும் நிரலை ஆராயும் சேவையகமும் பேசிக்கொள்வதற்காக மைக்ரோசாஃப்ட் 2016இல் அறிவித்த மொழிச் சேவையக நெறிமுறை. அதன் 3.16ஆம் பதிப்பு 2020 இறுதியில் பொருள்சார் வில்லைகளைச் சேர்த்தது. வகை 22, அடைமொழி 10. 2022இல் வந்த 3.17 மேலும் ஒரு வகையைச் சேர்த்தது.

விம், டெக்ஸ்ட்மேட் இரண்டும் 11 என்ற எண்ணில் ஒத்துப்போவது தற்செயல். இரண்டிலும் அதே பெயரில் இருப்பவை கமென்ட், கான்ஸ்டன்ட் ஆகிய இரண்டு மட்டுமே. சரம் விம்மில் மாறிலியின் உட்பிரிவு. டெக்ஸ்ட்மேட்டில் தனி வேர். எல்லா மொழிக்கும் பொது என்று சொல்லிக்கொள்ளும் இரு பட்டியல்கள் அடிப்படையிலேயே இவ்வளவு விலகியிருப்பது, பிரிவுகள் மொழிகளின் இயல்பில் ஏற்கெனவே கிடைப்பவை அல்ல என்பதற்கு முதல் சான்று.

3. பிறப்பிடத்தின் தழும்பு

பட்டியல்கள் விலகுவது ஏன்? ஒவ்வொன்றும் தான் பிறந்த சூழலின் மொழியை உலகப் பொதுவாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

விம்மின் ப்ரீப்ராக் வகை சி மொழியின் முன்செயலியிலிருந்து வந்தது. கம்பைலருக்கு முன் ஓடும் தனிக் கட்டம் அது. பைத்தானில் அப்படி ஒரு கட்டமே இல்லை. ஆனாலும் விம்மின் பைத்தான் கோப்பு ‘இம்போர்ட்’ சொல்லை இன்க்ளூடு வகையோடு இணைக்கிறது. இன்க்ளூடு ப்ரீப்ராக்கின் உட்பிரிவு. பைத்தானின் அலங்கரிப்பான் குறி டிஃபைன் என்ற உட்பிரிவுக்குப் போகிறது. ஜாவாவின் ‘இம்போர்ட்’டுக்கும் அதே கதி. சி மொழியில் அந்தந்த இடத்தில் இருந்த வரிகளோடு தோற்றத்தில் ஒத்திருப்பதுதான் காரணம்.

டெக்ஸ்ட்மேட்டின் ஸ்டோரேஜ் இன்னும் தெளிவான உதாரணம். ‘ஸ்டேடிக்’ போன்ற சொற்கள் மாறி எங்கே, எவ்வளவு காலம் சேமிக்கப்படும் என்று சொல்பவை. சி அறிவிப்பில் அவற்றுக்கு அடுத்து ‘இன்ட்’ போன்ற தரவினப் பெயர் வரும். இரண்டையும் ஸ்டோரேஜின்கீழ் வைத்ததில் சி அளவில் நியாயம் உண்டு. பிறகு ஜாவாஸ்கிரிப்டின் ‘ஃபங்ஷன்’, ‘வார்’, பல மொழிகளின் ‘கிளாஸ்’ எல்லாம் அதே அறைக்குள் வந்தன. ‘ஃபங்ஷன்’ என்பது சேமிப்பும் இல்லை, தரவினமும் இல்லை. ஒன்றை அறிவிக்கும் சொல். சப்ளைம் டெக்ஸ்ட் பின்னாளில் அறிவிப்புச் சொற்களுக்கு கீவேர்டின்கீழ் தனிக் கிளை வகுத்தது. பழைய தீம்கள் உடைந்துவிடக் கூடாது என்பதால், ஒரே சொல்லுக்குப் பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்தே இடும்படி பரிந்துரைத்தது.

மொழிச் சேவையக நெறிமுறையின் பட்டியலில் பிறப்பிடம் டைப்ஸ்கிரிப்ட், சி ஷார்ப் உலகம். கிளாஸ், இன்டர்ஃபேஸ், ஈனம், ஈவென்ட், டெக்கரேட்டர் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ரஸ்ட் மொழியின் உயிர்க்காலக் குறிக்கு இல்லை. ஒரு மேற்கோள் எத்தனை காலம் செல்லுபடியாகும் என்று கம்பைலருக்குச் சொல்லும் அந்தக் குறி ரஸ்டின் உயிர்நாடி. ரஸ்ட் சேவையகம் அதற்குச் சொந்த வகையொன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. விம் அதை ஸ்பெஷல் என்றது. டெக்ஸ்ட்மேட் வழி இலக்கணம் தரவினப் பெயரின் கிளையாக வைத்தது. ஒரே குறிக்கு மூன்று எடிட்டர் மரபுகளில் மூன்று வீடுகள்.

4. எல்லையில் நிற்கும் சொற்கள்

அந்தந்த மொழியின் முறையான வரையறையைப் பின்பற்றினால் இந்தக் குழப்பம் தீருமே என்பது இயல்பான எதிர்வினை. ‘ட்ரூ’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டால் அந்த வழியும் அடைபடுவது தெரியும்.

சி மொழியில் 1999 தரத்தின்படி அது தலைப்புக் கோப்பிலிருந்து வரும் மேக்ரோ. சி23 தரத்தில் சிறப்புச் சொல்லாகிவிட்டது. ஜாவாவில் அது சிறப்புச் சொல் அல்ல, நிலையுரு என்று மொழி வரையறையே பிரித்துச் சொல்கிறது. கோ மொழியில் முன்பே அறிவிக்கப்பட்ட குறிப்பெயர். நிரலர் விரும்பினால் அதே பெயரில் வேறொன்றை அறிவித்து அதை மறைத்துவிடலாம். பைத்தான் 2இல் மதிப்பு மாற்றக்கூடிய சாதாரணப் பெயர். பைத்தான் 3இல் சிறப்புச் சொல். ஸ்மால்டாக்கில் போலி மாறி. ஹாஸ்கெலில் தரவு ஆக்கி. இலக்கணத்தைப் பின்பற்றினால் ஒரு சொல்லுக்கு ஏழு வகை. ஒரே மொழியிலும் பதிப்புக்குப் பதிப்பு நிறம் மாற வேண்டியிருக்கும். படிப்பவருக்கோ எல்லா இடத்திலும் அது ஒன்றுதான்: மாறாத மதிப்பு.

‘இன்ட்’டும் அப்படியே. சி, ஜாவா இரண்டிலும் சிறப்புச் சொல், கோவில் முன்பே அறிவிக்கப்பட்ட பெயர், பைத்தானில் இனக்குழு. ‘இஃப்’ பெரும்பாலான மொழிகளில் சிறப்புச் சொல் என்றாலும் டிசிஎல்லில் அது மற்றவற்றைப் போன்ற ஒரு கட்டளை. ஸ்மால்டாக்கில் நிபந்தனை என்பதே ஒரு பொருளுக்கு அனுப்பும் செய்தி. பிஎல்/1 மொழியில் ஒதுக்கப்பட்ட சொற்களே கிடையாது. ‘இஃப்’ என்ற பெயரில் ஒரு மாறி வைத்துக்கொள்ளவும் தடை இல்லை. ஆகவே ‘சிறப்புச் சொல்’ என்ற மிக உறுதியாகத் தோன்றும் வகையே மொழிகளுக்கிடையே நிலையானதல்ல. ஒரு சொல் ஒதுக்கப்பட்டதா என்பது கம்பைலர் எழுதுபவரின் கவலை.

டெக்ஸ்ட்மேட் கையேடு இதை உணர்ந்திருந்தது. முறையான வரையறை வற்புறுத்தினாலும் எல்லாவற்றையும் கீவேர்டின்கீழ் குவிக்க வேண்டாம், இரண்டும் வேறு தோற்றத்தில் இருக்க விரும்புவீர்களா என்று கேட்டுப் பாருங்கள் என்பது அதன் அறிவுரை. இலக்கணத்தை விட்டு வெளியே வந்த அளவில் இது சரியான திசை. ஆனால் விருப்பத்தை அளவுகோலாக்கியதால், இலக்கணக் கோப்பை எழுதிய ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி விடை கண்டனர்.

பெயர் ஒன்றாக இருந்தும் எல்லை வேறாக இருந்ததற்கு ஈமேக்ஸ் சாட்சி. அதன் பழைய மரபில் செயற்கூறுப் பெயருக்கான நிறம் செயற்கூறு வரையறுக்கப்படும் இடத்துக்கு மட்டுமே உரியது. அழைக்கப்படும் இடத்துக்கு நிறமில்லை. மற்ற எடிட்டர்கள் பலவற்றில் அழைப்பும் நிறம் பெற்றது. 2023இல் வந்த ஈமேக்ஸ் 29, அழைப்புக்கென்றும் மாறியின் பயன்பாட்டுக்கென்றும் புதிய நிறப் பாணிகளைச் சேர்த்தது. பிறக்கும் இடமும் பயன்படும் இடமும் வேறு என்ற பகுப்பு அந்த மரபில் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அது பெயரில் சொல்லப்படாமல் வழக்கத்தில் மட்டுமே இருந்தது.

5. கிளையா, முகமா

வகைகளை எப்படி அடுக்குவது என்பதும் தீராத கேள்வி. டெக்ஸ்ட்மேட்டின் புள்ளியிட்ட பெயர்கள் மரம் போன்றவை. இதன் பெரும் பலம் பின்வாங்கும் வசதி. நிபந்தனைச் சொல்லுக்குத் தீம் தனி நிறம் சொல்லவில்லை என்றால் எடிட்டர் ஒரு படி மேலேறிச் சிறப்புச் சொல்லின் நிறத்தை எடுத்துக்கொள்ளும். ஆட்டம் எடிட்டருக்காக மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் உருவாக்கிய பகுப்பான் கருவியான ட்ரீ-சிட்டரின் பெயர்களும் இந்த முறையில் அமைந்தவை. அதை ஏற்ற நியோவிம் சூழலில் ‘பாராமீட்டர்’, ‘கண்டிஷனல்’ என்று தனித்து நின்ற பெயர்கள் 2024இல் முறையே ‘வேரியபிள்’, ‘கீவேர்ட்’ ஆகியவற்றின் கிளைகளாக மாற்றப்பட்டன. தீம் எழுதியோர் பலர் தங்கள் கோப்புகளைத் திருத்த வேண்டியிருந்தது. ஆனால் மாற்றத்தின் நோக்கம் சரியானது: பின்வாங்க இடமில்லாத பெயர், அதை அறியாத தீமில் நிறமின்றி நிற்கும்.

மரத்தின் பலவீனம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு பண்புகள் சேரும்போது வெளிப்படும். ஒரு பெயர் அளபுருவாகவும் மாற்ற முடியாததாகவும் கைவிடப்பட்டதாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம். எதை முதல் கிளையாக வைப்பது? எந்த வரிசையும் மற்றொன்றைப் பல கிளைகளில் சிதறடிக்கும். நூலகவியலில் எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு எதிர்கொண்டதும் இதையே. எல்லாப் பொருளையும் முன்கூட்டியே ஒரே மரத்தில் அடுக்காமல், முகங்களாகப் பிரித்துத் தேவைக்கேற்பச் சேர்ப்பது அவர் கண்ட வழி. மொழிச் சேவையக நெறிமுறையில் ஒவ்வொரு வில்லைக்கும் வகை ஒன்றும் அடைமொழிகள் பலவும் இருக்கலாம் என்ற ஏற்பாடு இந்த முகப் பகுப்பின் எளிய வடிவம். அறிவிப்பு, மாறாதது, கைவிடப்பட்டது, மொழியோடு வரும் நூலகத்தைச் சேர்ந்தது போன்றவை அங்கே அடைமொழிகள்.

என் மதிப்பீட்டில், வடிவமைப்பில் நெறிமுறையின் அடைமொழி முறையே மேலானது. வகைப் பட்டியலில்தான் அது குறுகியது. ஆனால் புதியது பழையதை அகற்றவில்லை. பொருள்சார் வகைகளைத் தீம் அறியாதபோது விஎஸ் கோட் அவற்றை டெக்ஸ்ட்மேட் பெயர்களுக்கு மாற்றிப் பார்த்துக்கொள்கிறது. கோப்பைத் திறந்ததும் ஒரு நிறமும், சேவையகம் நிரலைப் படித்து முடித்த சில நொடிகளில் வேறொரு நிறமுமாகச் சில சொற்கள் மாறுவதை எவரும் கண்டிருக்கலாம். எழுத்தை மட்டும் பார்க்கும் அடுக்கும் பொருளை அறிந்த அடுக்கும் ஒரே சொல்லுக்கு முரணான விடை தருவதன் விளைவு அது.

6. ஆய்வுகள் எவ்வளவு தூரம் உதவும்?

பொது வகைப்பாட்டை ஆதரிப்போர் ‘வாசிப்பு எளிதாகிறது’ என்ற காரணத்தை முன்வைப்பது வழக்கம். சான்றுகள் அவ்வளவு திடமானவை அல்ல. அத்வைத் சர்க்கார் 2015இல் 10 பேரைக் கொண்டு, கண்ணசைவைப் பதிவு செய்து நடத்திய ஆய்வில், வண்ணம் இருந்தபோது நிரலைப் புரிந்துகொள்ளும் நேரம் குறைந்தது. அனுபவம் கூடக்கூட அந்தப் பயன் தேய்ந்தது. ஹன்னபவரும் இணை ஆசிரியர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்ற மாணவர்கள் 390 பேர். புதிதாக நிரல் கற்போர் சரியாகப் புரிந்துகொள்வதில் வண்ணத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இரண்டையும் மோதவிட்டு ஒன்றைத் தேர்வது பயனற்றது. ஒன்று நேரத்தை அளந்தது, மற்றது விடையின் சரித்தன்மையை அளந்தது. நம் கேள்விக்கு முக்கியமானது வேறு: இரண்டுமே வண்ணம் உள்ள நிரலையும் இல்லாத நிரலையும் ஒப்பிட்டன, ஒரு வகைப்பாட்டை இன்னொரு வகைப்பாட்டோடு ஒப்பிடவில்லை. ஆகவே குறிப்பிட்ட ஒரு பட்டியலுக்கு ஆதரவாக இவற்றைக் காட்ட முடியாது. பொது வகைகளுக்கான நியாயத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

7. நிறத்துக்கு அப்பால்

அந்த நியாயம், வகைகள் நிறத்துக்கு மட்டும் பயன்படவில்லை என்பதில் இருக்கிறது. எழுத்துப்பிழை சோதிக்கும் வசதி குறிப்புரையிலும் சரத்திலும் மட்டும் ஓட வேண்டும். அடைப்புக்குறிகளின் ஜோடியைத் தேடும் வசதி அதே இரண்டையும் தாண்டிச் செல்ல வேண்டும். டெக்ஸ்ட்மேட்டில் எந்தக் குறுக்குவிசை எங்கே செயல்படும் என்பதையும் வகைப் பெயர்களே முடிவு செய்தன. ஐரோப்பிய மரபினரான ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு. அவர்களுக்கு வகையைத் தடித்த எழுத்தாகவோ சாய்வெழுத்தாகவோ காட்ட வேண்டியிருக்கும். நிறம் தவறினால் அழகு கெடும். வகை தவறினால் கருவி தவறாக இயங்கும்.

வில்லையின் எல்லையே தவறும் இடம் தமிழில் நிரல் எழுதுவோருக்குப் பழக்கமானது. 2008இல் வந்த பைத்தான் 3.0 முதல் தமிழில் குறிப்பெயர் வைக்கலாம். ஆனால் குறிப்பெயர் என்றால் ஆங்கில எழுத்தும் அடிக்கோடும் எண்ணும் மட்டுமே என்று எழுதிய இலக்கணக் கோப்புகளுக்கு ‘விலை’ என்ற மாறி கண்ணில் படாது. பைத்தானின் உள்ளமைந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகத்தில் சொல்லெழுத்துக்கான குறியீடு உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. அதை நம்பிய வண்ணமிடல் ‘வி’யில் வகரத்தோடு நின்றுவிடும். குறிப்பெயருக்கு யூனிகோடு ஏற்கெனவே தெளிவான வரையறை தந்திருக்கிறது. வண்ணமிடும் நூலகமான பிக்மென்ட்ஸின் பைத்தான் பகுப்பான் அதைப் பின்பற்றுகிறது. பொது வகைப்பாடு என்று ஒன்று எழுதப்படுமானால், வகையின் பெயரோடு அதன் எழுத்தெல்லையும் அதில் இடம்பெற வேண்டும்.

8. எல்லை வகுக்கும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து பொது வகைப்பாட்டுக்கு நான்கு நிபந்தனைகளைப் பெறலாம்.

முதலாவது, ஒவ்வொரு வகையும் படிப்பவரின் ஒரு கேள்விக்கு விடையாக இருக்க வேண்டும். இது ஓடாத எழுத்தா? மாறாத மதிப்பா? ஓட்டத்தின் திசையை மாற்றுகிறதா? இங்கே ஒரு பெயர் பிறக்கிறதா? வெளியிலிருந்து பெயர்களைக் கொண்டுவருகிறதா? இந்தக் கேள்விகளின்படி ‘ட்ரூ’ ஆறு மொழிகளிலும் மாறிலி. ‘ஃபங்ஷன்’, ‘கிளாஸ்’ அறிவிப்புச் சொற்கள். ‘இம்போர்ட்’ முன்செயலியின் நிழலிலிருந்து விடுபட்டுத் தனி வகையாகும். டிசிஎல்லின் ‘இஃப்’ கட்டளையாக இருந்தாலும் ஓட்டத்தைத் திருப்பும் சொல்தான்.

இரண்டாவது, ஒரு வகை பொதுப் பட்டியலில் இடம்பெறுமுன் ஒன்றுக்கொன்று தொலைவான மொழிகளில் சோதிக்கப்பட வேண்டும்: சி குடும்பத்தில் ஒன்று, லிஸ்ப் குடும்பத்தில் ஒன்று, ஹாஸ்கெல் போன்ற ஒன்று, ஹெச்டிஎம்எல் போன்ற குறிமொழி ஒன்று. எல்லாவற்றிலும் அந்த வகைக்கு உறுப்பினர் இருக்க வேண்டும் என்பதில்லை. உறுப்பினர் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் போதும். விம்மின் பைத்தான் கோப்பில் நடந்தது, காலியாக இருந்திருக்க வேண்டிய அறையை நிரப்பியதுதான்.

மூன்றாவது, ஒவ்வொரு நுண்பெயரும் தன் பின்வாங்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். ரஸ்டின் உயிர்க்காலக் குறிக்குத் தனிப்பெயர் இருக்கட்டும். அதை அறியாத தீமில் அது எதுவாகத் தெரியும் என்பதை ஒவ்வொரு கருவியும் தனியே ஊகிக்க விடக் கூடாது. குறுக்கே ஓடும் பண்புகள் கிளையாகாமல் அடைமொழியாக வேண்டும்.

நான்காவது, பொருளை அறிந்த அடுக்கு எழுத்தடுக்கின் விடையை நுட்பமாக்கலாம், மறுக்கக் கூடாது. கோ நிரலில் யாரோ ‘இன்ட்’ என்ற பெயரை வேறொன்றுக்கு வைத்திருந்தால் எழுத்தடுக்கு அதைத் தரவினம் என்றே சொல்லும். இந்த நிபந்தனை அங்கே தோற்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தகைய அரிய இடங்களில் நிறம் மாறுவது ஓர் எச்சரிக்கையாகவே பயன்படும். எல்லா இடத்திலும் மாறினால் அந்த எச்சரிக்கைக்கு மதிப்பிருக்காது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒரே நிறம் ஒரே பொருளைக் குறிப்பதாகத் தவறான நம்பிக்கை தரும் என்பது அது. ஹாஸ்கெலின் ‘கிளாஸ்’ ஜாவாவின் ‘கிளாஸ்’ அல்ல. சமக்குறி சி மொழியில் மதிப்பை ஏற்றும், எஸ்கியூஎல் வினவலின் நிபந்தனையில் ஒப்பிடும். இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்ட பட்டியல்கள் இந்த மறுப்புக்கு விடை சொல்ல முடியாது. ‘கிளாஸ்’ என்ற வகைக்குள் இரண்டையும் வைத்தாலே அவை ஒன்றென்று சொன்னதாகிவிடும். கேள்வியை அளவுகோலாகக் கொண்டால் வகை உறுதியளிப்பது மிகக் குறைவு: இரண்டு இடத்திலும் ஒரு பெயர் பிறக்கிறது, அவ்வளவே. அதற்கு மேற்பட்ட பொருளை மொழி அறிந்தவர் தாமே பெறுவார்.

எனவே அடுத்து வரும் முயற்சி, பெயர்களின் எண்ணிக்கையை 23லிருந்து 40 ஆக்குவதில் தொடங்க வேண்டியதில்லை. இருக்கும் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் கேள்வி ஒன்று, சேரும் உதாரணங்கள் சில, சேராத உதாரணங்கள் சில, பின்வாங்கும் இடம் ஒன்று என்று எழுதிவைப்பதில் தொடங்க வேண்டும். மூன்று பட்டியல்களும் தராமல் விட்டது சேராத உதாரணங்களைத்தான். எது சேராது என்று சொல்லாத வகையை ஒவ்வொரு மொழிக் கோப்பும் தன் வசதிக்கேற்பவே நிரப்பும்.